இட்லி மாவிலும் கிருமி, இருமல் மருந்திலும் கிருமி!
லேபர் கேம்பைச் சுற்றி ஒரு விஞ்ஞானம்

விடியற்காலை 4 மணி. மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்துகளில் ஆவி பறக்கிறது. இட்லிக் கொப்பரைகள் இறங்குகின்றன. அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிள் கேரியரில் ஏறுகின்றன. இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்த இட்லியும் சட்னியும் ரயிலைப் பிடிக்க ஓடும் மும்பைக்காரர்களின் கைக்குப் போய்விடும்.

அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டது மனிதர் கை. அரைத்துக் கரைத்து உப்புப் போட்டு வைத்ததும் மனிதர் கை. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து அந்த மாவைப் பொங்க வைத்தது யார்?

மாவில் இருந்த கிருமிகள்தான்!

கிருமி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்களில் நம்மைக் கொல்லுகிறவை உண்டு. நமக்குச் சோறு போடுகிறவையும் உண்டு. எது எப்படிப்பட்டது, எதை எப்படி அடக்கலாம், எதிடம் எப்படி வேலை வாங்கலாம் என்று ஆராய்வதுதான் நுண்ணுயிரியல் என்னும் விஞ்ஞானம்.

பெரிய பெயராக இருக்கிறதே, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் நிறைய உண்டு. லேபர் கேம்பை நடுவில் வைத்து, பரேல் வரையில் ஒரு பஸ் டிக்கெட் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால், இந்த விஞ்ஞானத்தின் பாதிக் கதை அதற்குள் அடங்கிவிடும். மீதிக் கதையின் முக்கியமான ஒரு பகுதி சென்னையில் நடந்தது. அதுவும் லேபர் கேம்பைப் போன்ற நெருக்கடியான குடியிருப்புகளில்தான் நடந்தது.

மாவுப் பானையில் ஒரு தொழிற்சாலை

முதலில் இட்லி. உளுந்தின் மேல் இயற்கையாகவே பல வகை பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாவு கரைத்து வைத்ததும் அவை பெருகத் தொடங்குகின்றன. அவற்றில் முக்கியமானது லியுகோநாஸ்டாக் என்ற இனம். அது மாவிலுள்ள சர்க்கரைப் பொருளைத் தின்று இரண்டு பொருள்களை வெளியே விடுகிறது. ஒன்று, கரியமில வாயு. மாவை உப்ப வைப்பது அது. மற்றொன்று, லாக்டிக் அமிலம். புளிப்பைக் கொடுப்பது அது.

ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்கிப் போட வேண்டும். இட்லிக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. உளுந்தே தன் வேலைக்காரர்களைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வருகிறது. உளுந்தின் பசைத் தன்மை அந்த வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் இட்லி பூப்போல வருகிறது.

கோடையில் மாவு சீக்கிரம் பொங்கிவிடுவதும், குளிர்காலத்தில் பானைமேல் சாக்குப் போட்டு மூட வேண்டியிருப்பதும் ஏன் என்று இப்போது புரியும். வெதுவெதுப்பு இருந்தால் பாக்டீரியா வேகமாகப் பெருகும். குளிர்ந்தால் சோம்பிவிடும். புளித்த மாவில் கெட்ட கிருமிகள் எளிதில் வளர முடியாது. அந்த அமிலம் அவற்றுக்கு ஆகாது. நம் பாட்டிமார் ஆய்வுக்கூடம் வைக்காமலே கண்டுபிடித்த உண்மை இது. விஞ்ஞானிகள் பின்னால் வந்து காரணத்தைச் சொன்னார்கள்.

தோல் தொழிலும் கிருமியும்

தாராவிக்குத் தமிழர்கள் வந்ததில் தோல் தொழிலுக்குப் பெரிய பங்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் பலர் தோல் பதனிடும் தொட்டிகளில் நின்று உழைத்தவர்கள். இன்று அந்தத் தொட்டிகள் பெரும்பாலும் தாராவியை விட்டுப் போய்விட்டன. பை, பெல்ட், பர்ஸ் செய்யும் தொழில் நிற்கிறது.

அந்தத் தொழில் முழுவதும் கிருமியோடு நடத்திய போராட்டம்தான். பச்சைத் தோலுக்கு உப்புத் தடவி வைப்பது எதற்காக? பாக்டீரியா தோலை அழுக வைத்துவிடாமல் தடுப்பதற்காக. ஆனால் அடுத்த கட்டத்தில் அதே பாக்டீரியாவின் உதவி தேவைப்பட்டது. சுண்ணாம்பில் ஊறி விறைத்த தோலை மென்மையாக்க, பழைய காலத்தில் உலகம் முழுவதும் நாய், புறா எச்சங்களைத் தண்ணீரில் கரைத்து அதில் தோலை முக்குவார்கள். அதிலிருந்த பாக்டீரியாவின் நொதிப் பொருள்கள் தோலைப் பதமாக்கின. 1907ஆம் ஆண்டில் ஜெர்மானிய ரசாயனி ஓட்டோ ரோம் இதற்குச் சுத்தமான நொதிப் பொருளைக் கொண்டுவந்தார். அந்த அசிங்கமான வேலையிலிருந்து தொழிலாளிக்கு விடுதலை கிடைத்தது.

சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இந்த வழியில் மேலும் சென்றது. தோலிலிருந்து ரோமத்தை நீக்க சுண்ணாம்பும் சல்பைடும் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் பாலாற்றங்கரை ஊர்களின் நிலத்தடி நீரைக் கெடுத்த காரணங்களில் ஒன்று. சல்பைடைக் குறைத்து, பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டே ரோமத்தை நீக்கும் முறைகளை அங்கே உருவாக்கினார்கள். தொட்டியில் நிற்கும் தொழிலாளியின் கை கால் புண்ணாகாமல் இருக்கவும், ஊர்க் கிணறு கெடாமல் இருக்கவும் இப்படிப்பட்ட ஆராய்ச்சி உதவுகிறது.

ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்!

இனி, பரேலுக்குப் போவோம். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பம்பாய் மாண்ட்வி பகுதியில் மக்கள் திடீர் திடீரென்று காய்ச்சல் கண்டு சாகிறார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுகிறது. அது பிளேக் என்று முதலில் கண்டு சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். நகரமே கதிகலங்கியது. ரயிலிலும் கப்பலிலும் லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆலைகளில் ஆள் இல்லை.

அப்போது பம்பாய்க்கு அழைக்கப்பட்டவர் வால்டெமார் ஹாஃப்கின். ரஷ்யப் பேரரசின் ஒடெஸ்ஸா நகரில் 1860இல் பிறந்த யூதர். ஏற்கெனவே கல்கத்தாவில் காலரா தடுப்பூசி போட்டுப் பெயர் பெற்றவர். அவருக்கு பைகுல்லா கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். உலகத்தின் முதல் பிளேக் தடுப்பூசியை உருவாக்கிய படை அவ்வளவுதான்!

ஹாஃப்கின் இறைச்சிச் சாற்றில் பிளேக் கிருமியை வளர்த்தார். அதன்மேல் சில துளி நெய் விட்டார். நெய்யைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுது விழுதாகக் கீழே தொங்கி வளர்ந்தன. அவற்றைச் சூடுபடுத்திக் கொன்று ஊசி மருந்தாக்கினார். முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். அடுத்து யாருக்குப் போடுவது?

1897 ஜனவரி 10ஆம் தேதி தமக்கே போட்டுக்கொண்டார்! காய்ச்சல் வந்தது. வலி வந்தது. ஆள் பிழைத்தார். பிறகு பைகுல்லா சிறையில் தாமாக முன்வந்த கைதிகளுக்குப் போட்டார்கள். போட்டுக்கொண்டவர்களிடம் நோயும் சாவும் குறைந்தன. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து 2 கோடியே 60 லட்சம் தடவைக்கான பிளேக் மருந்து வெளியே போயிற்று.

1899இல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு இந்த ஆய்வுக்கூடம் மாறியது. கவர்னர் வாழ்ந்த மாளிகையில் எலியும் கினிப் பன்றியும் குடியேறின. அதுதான் இன்றைய ஹாஃப்கின் நிலையம். அவர் பெயர் அதற்கு 1925இல் சூட்டப்பட்டது.

கீழே விழுந்த குறடு

ஹாஃப்கின் கதையில் ஒரு துயரமும் உண்டு. 1902 அக்டோபரில் பஞ்சாப் மாநிலத்து முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே ஒரு பாட்டில் மருந்து ஏறிய 19 பேர் தனுர்வாத ஜன்னி கண்டு இறந்தார்கள். பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது. வேலை போயிற்று.

உண்மை என்ன? கிராமத்தில் பாட்டிலைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து குறடு தரையில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் அப்படியே பாட்டிலின் தக்கையைத் திறந்துவிட்டார். மண்ணில் இருந்த தனுர்வாதக் கிருமி மருந்துக்குள் போய்விட்டது. மலேரியா ஆராய்ச்சியில் புகழ் பெற்ற ரொனால்டு ராஸ் முதலான விஞ்ஞானிகள் ஹாஃப்கினுக்காக வாதாடினார்கள். 1907இல்தான் அவர் குற்றமற்றவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஐந்து வருஷம் ஒரு மனிதன் சுமந்த பழி!

இன்று டாக்டர் ஊசியின் உறையை நம் கண் முன்னால் பிரிக்க வேண்டும் என்று கேட்கிறோமே, அந்த உரிமைக்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகளின் பாடம் இருக்கிறது.

பிளேக் பெற்ற பிள்ளை

பிளேக் எப்படிப் பரவுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஏழைகளின் வீடுகளில் புகுந்து சாமான்களை எரித்தார்கள். சுவரில் ஓட்டை போட்டார்கள். சந்தேகப்பட்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். இதற்கெல்லாம் 1897இல் தனிச் சட்டமே வந்தது.

1898இல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப் பூச்சிதான் நோயைக் கொண்டுபோகிறது என்று கராச்சியில் கண்டார். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு பம்பாயில் பரேல் ஆய்வாளர்கள் பிளேக் கண்ட வீடுகளில் கினிப் பன்றிகளை விட்டுப் பார்த்தார்கள். எலி செத்த வீட்டில் தெள்ளுப் பூச்சிகள் அவற்றின்மேல் ஏறின. அவற்றுக்கும் பிளேக் கண்டது. உண்மை நிரூபணமாயிற்று. ஏழையின் துணிமணியை எரிப்பதைவிட எலியை ஒழிப்பதே சரியான வழி என்று தெளிந்தது.

பிளேக் பம்பாயின் உருவத்தையே மாற்றியது. நெருக்கடியான நகரத்திலிருந்து மக்களை வெளியே பரப்ப 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அகலமான வீதிகளும் மரங்களும் தோட்டங்களுமாக தாதர், மாட்டுங்கா பகுதிகளை அது திட்டமிட்டது. தமிழ்நாட்டிலிருந்து டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட்டோடு வந்த குமாஸ்தாக்கள் பிற்காலத்தில் குடியேறிய மாட்டுங்கா அதுதான். பிளேக் இல்லாவிட்டால் மாட்டுங்காவே இந்த உருவத்தில் இருந்திருக்காது. ரயில் பாதைக்கு மேற்கே இருக்கும் லேபர் கேம்புக்கு அந்த அகல வீதிகள் வந்து சேரவில்லை என்பதும் நினைவில் வைக்க வேண்டிய விஷயம்.

அழுக்குத் தொட்டியில் எஞ்சின் ஓடியது!

அதே 1897ஆம் ஆண்டில் மாட்டுங்காவிலேயே இன்னோர் அதிசயமும் நடந்தது. பலருக்குத் தெரியாது.

பம்பாய் மாநகராட்சி கமிஷனராக இருந்த ஹாரி ஆக்வொர்த் என்பவர் முயற்சியில் 1890இல் அங்கே தொழுநோயாளர் காப்பகம் ஒன்று தொடங்கப்பட்டது. வடாலாவில் உள்ள ஆக்வொர்த் ஆஸ்பத்திரிதான் அது. அந்தக் காப்பகத்தின் கழிவுத் தொட்டிகளிலிருந்து எழும் வாயுவைப் பிடித்து, அதைக்கொண்டு எஞ்சின் ஓட்டினார்கள். காற்றுப் புகாத தொட்டியில் மலத்தைத் தின்று எரியும் வாயுவை வெளியிடுவது ஒரு வகைக் கிருமிக் கூட்டம். சாண எரிவாயுவும் இதே தத்துவம்தான். நாட்டின் கிராமங்களில் சாண எரிவாயு அடுப்பு பரவியதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் ஒதுக்கி வைத்த நோயாளிகளின் காப்பகத்தில் அது வேலை செய்து காட்டியது.

தொழுநோயின் கதையும் ஆராய்ச்சியின் வெற்றிதான். அது சாபம் என்றும் பரம்பரை வியாதி என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1873இல் நார்வே டாக்டர் ஹான்சன் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டார். ஆனாலும் நோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898இல் வந்த சட்டம் 2016இல்தான் முற்றாக ரத்தாயிற்று. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையைப் பரிந்துரை செய்தது. 2005 டிசம்பரில் இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலை வந்தது. நோய் முற்றிலும் ஒழியவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே வந்தால் விரல் போகாது, முகம் கெடாது. மாத்திரையோடு போகும்.

மண்ணிலிருந்து வந்த மருந்து

கிருமியைக் கொல்லக் கிருமியே மருந்து தரும் என்பது இந்த விஞ்ஞானத்தின் பெரிய திருப்பம். 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ணாடித் தட்டில் படிந்த பூஞ்சணத்தைப் பார்த்தார். அதைச் சுற்றி பாக்டீரியா வளரவில்லை. அந்தப் பூஞ்சணம் தந்ததே பெனிசிலின். 1943இல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. காசநோயை எதிர்த்து நின்ற முதல் மருந்து அது. 1957இல் பிரான்ஸ் தேசத்துப் பைன் காட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ரிஃபாம்பிசினுக்கு வழி காட்டியது. சிறுநீரைச் சிவப்பாக்குகிறதே, அந்த மருந்துதான்.

1954இல் புனே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை அமைந்தது. பெனிசிலினை வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்கிய நாடு, பெரிய கொப்பரைகளில் தானே பூஞ்சணம் வளர்க்கத் தொடங்கியது.

சென்னை சொன்ன தீர்ப்பு

இப்போது லேபர் கேம்பின் தலைமேல் தொங்கும் கத்திக்கு வருவோம். அதன் பெயர் காசநோய். பழைய பெயர் க்ஷயரோகம். டி.பி. என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

ராபர்ட் காக் 1882 மார்ச் 24ஆம் தேதி காசநோய்க் கிருமியைக் கண்டதாக அறிவித்தார். அது காற்றில் பரவுவது. பத்துக்குப் பத்துக் கோலி. மேலே ஒரு மாலா. ஒரே ஜன்னல், சில வீடுகளில் அதுவும் இல்லை. ஆறு பேர் படுக்கும் இடத்தில் ஒருவர் இருமினால் எல்லோரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும்.

ஐம்பதுகளில் டி.பி. வந்தால் சானடோரியம் போக வேண்டும் என்றார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஒரு வருஷம் படுக்கை. வசதி உள்ளவர் போகலாம். தினக்கூலிக்காரர் ஒரு வருஷம் படுத்துவிட்டால் குடும்பம் என்ன ஆகும்? அப்படியே போக நினைத்தாலும் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே?

இந்தக் கேள்விக்கு விடை காண 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. ஆரம்ப நாட்களில் தலைமை வகித்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியம். மீதிப் பேருக்கு வீடு. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியில் வசித்தார்கள். சரியான சாப்பாடு இல்லை. பலர் வேலைக்கும் போனார்கள். சுகாதார ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். மாதா மாதம் சளியில் கிருமி இருக்கிறதா என்று ஆய்வுக்கூடம் பார்த்தது.

1959இல் முடிவு வெளியாயிற்று. உலகமே ஆச்சரியப்பட்டது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள்! இன்னும் பெரிய ஆச்சரியம்: வீட்டில் சிகிச்சை பெற்றவரின் மனைவி மக்களுக்கு அதனால் நோய் அதிகம் வரவில்லை. மருந்து சாப்பிடத் தொடங்கியபின் நோயாளியால் வரும் ஆபத்து விரைவில் குறைந்துவிடுகிறது. நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஆபத்து அதிகம்.

இந்தத் தீர்ப்புக்கு எத்தனை அர்த்தம்! டி.பி. வந்தவரை வீட்டைவிட்டுத் தள்ள வேண்டியதில்லை. தட்டு, டம்ளரைத் தனியே வைக்க வேண்டியதில்லை. மருமகளைத் தாய்வீட்டுக்கு விரட்ட வேண்டியதில்லை. மாத்திரையைத் தவறாமல் கொடுத்தால் போதும். உலக நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குச் சென்னைக் குடிசைவாசிகளின் சளிச் சோதனை ஒரு முக்கியக் காரணம். அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமாக நடக்கிறது.

பாதியில் நிறுத்தினால்...

லேபர் கேம்பில் வழக்கமாக நடக்கும் கதை ஒன்று உண்டு. ஒருவருக்கு டி.பி. என்று தெரிகிறது. மருந்து தொடங்குகிறார். இரண்டு மாதத்தில் இருமல் நிற்கிறது. பசிக்கிறது. உடம்பில் சதை போடுகிறது. "எனக்குச் சரியாயிடுச்சு" என்கிறார். அந்தச் சமயம் பார்த்து ஊரில் அம்மன் கொடை வருகிறது. ரயில் ஏறுகிறார். மாத்திரை அட்டை கோலியில் மாலாவின் மேல் கிடக்கிறது.

உடம்புக்குள் நடப்பது என்ன? வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் இரண்டு மாதத்தில் சாகின்றன. அதனால்தான் இருமல் நிற்கிறது. ஆனால் மந்தமாகப் பதுங்கிக் கிடக்கும் கிருமிகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றைத் தீர்க்கத்தான் மீதி நான்கு மாத மருந்து. கிருமிக் கூட்டத்தில் ஒன்றிரண்டு ஒரு மருந்துக்கு அடங்காதவையாக எப்போதும் இருக்கும். அதனால்தான் ஒரே மருந்து கொடுக்காமல் மூன்று நான்கு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று பிடிக்கும். ஒரு நாள் சாப்பிட்டு, இரண்டு நாள் விட்டு, இஷ்டப்படி நடந்தால் அடங்காதவை மட்டும் பிழைத்துப் பெருகும். பிறகு அவற்றின் ராஜ்யம்தான்!

அப்படி மருந்துக்கு அடங்காத காசநோய் மும்பையின் பெரிய கவலை. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அப்படியே தொற்றும். தவறாமல் மருந்து சாப்பிடக்கூடியவருக்கும், ஒரு பாவமும் அறியாத குழந்தைக்கும் முதல் தடவையிலேயே அடங்காத கிருமி வந்து சேரலாம். ஒருவர் விட்ட மாத்திரைக்கு அடுத்த கோலிக்காரர் கணக்குத் தீர்க்கிறார்.

ஆராய்ச்சி இங்கும் கை கொடுத்திருக்கிறது. முன்பெல்லாம் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய, அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது சளியிலுள்ள கிருமியின் மரபுப் பொருளைப் பார்த்து, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று சில மணி நேரத்தில் இயந்திரம் சொல்லிவிடுகிறது. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற இயந்திரம் பாட்டரியிலும் ஓடும். சிறிய சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது.

அடங்காத காசநோய்க்குச் சிகிச்சை இருபது மாதம் வரை இழுத்தது. தினமும் ஊசி. காது மந்தம். 2024இல் இந்திய அரசாங்கம் நான்கு மருந்துகள் சேர்ந்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையை அனுமதித்தது. ஊசி கிடையாது. சோதனையும் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

ஊருக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றே. நோயாளிக்கு ஒரு பதிவு எண் கொடுக்கிறார்கள். புறப்படுமுன் மருந்து கொடுக்கும் இடத்தில் சொன்னால், அந்தப் பதிவை ஊர்ப் பக்கத்து சுகாதார நிலையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். கொடைக்குப் போகலாம், பொங்கலுக்குப் போகலாம். மருந்தும் கூடவே வரவேண்டும்.

வெள்ளமும் வைரசும்

2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பைக்காரர் யாரும் மறக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு வந்தவர்கள் பலர். அதற்குப் பின் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக் காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீரில் உள்ள கிருமி தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகிறது. அது தெரிந்ததால்தான் இன்று வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு மாநகராட்சி டாக்டர்கள் முன்கூட்டியே மாத்திரை தருகிறார்கள்.

2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது தாராவி சுடுகாடாகும் என்றே பலர் எண்ணினார்கள். வீடு வீடாகச் சோதனை, பொதுக் கழிப்பிடங்களுக்குக் கிருமிநாசினி, பள்ளிக்கூடங்களில் தனிமை முகாம் என்று நோயைத் துரத்திப் பிடித்தார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை உதாரணமாகச் சொன்னார்.

அந்த மாதத்தில் மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் வார்டுகளில் ரத்தம் எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. குடிசைப் பகுதிகளில் 100க்கு 57 பேருக்கு நோய் வந்துபோன அடையாளம் இருந்தது. மாடிக் கட்டடங்களில் 100க்கு 16 பேருக்குத்தான் இருந்தது. ஒரே வார்டு, ஒரே வைரஸ். ஆனால் பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நிற்கிறவருக்கு ஒரு கணக்கு, தனிக் கழிப்பறை உள்ளவருக்கு ஒரு கணக்கு! ரத்தத் துளி காட்டிய இந்த வித்தியாசத்துக்கு மருந்து ஊசியில் இல்லை. வீட்டிலும் கழிப்பிடத்திலும் காற்றோட்டத்திலும்தான் இருக்கிறது. பிளேக் காலத்திலேயே பம்பாய் படித்த பாடம் இது.

பிள்ளைகள் படிக்கலாம்

இந்தப் படிப்பு எங்கோ டில்லியிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மாட்டுங்கா ரூயா கல்லூரியிலும் கால்சா கல்லூரியிலும் நுண்ணுயிரியல் பட்டப் படிப்பு உண்டு. 1932இல் மாட்டுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் சயானில் நடத்தும் கல்லூரியிலும் உண்டு. லேபர் கேம்பிலிருந்து நடந்தே போகலாம். மருந்துக் கம்பெனி, பால் பண்ணை, குடிநீர்ச் சோதனை, ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடம் என்று வேலைக்கும் வழி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானம் எடுத்த பெண்ணை "மேலே என்னத்துக்குப் படிப்பு?" என்று நிறுத்துகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், உடம்பு இளைப்பு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மாநகராட்சி மருந்தகத்திலோ சயான் ஆஸ்பத்திரியிலோ சளியைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு டப்பியில் துப்பிக் கொடுப்பதுதான் வேலை. ஹாஃப்கின் தன் உடம்பில் ஊசி குத்திக்கொண்டதும், சென்னையில் 193 பேர் மாதா மாதம் சளி கொடுத்ததும் அந்த டப்பிக்குப் பின்னால் இருக்கின்றன.

இரவு 10 மணி. லேபர் கேம்பில் உளுந்து அரைத்து முடிந்துவிட்டது. மாவுப் பானைகள் மூடப்படுகின்றன. ஒரு கோலியில் விளக்கு அணையுமுன் மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டுகிறாள்.

"இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

அந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிற வீட்டில் ஆறு மாதத்தில் நோய் தீரும்.